எங்க வீட்டு ஆட்டத்துல அப்படித்தான்

காணும் பொங்கலன்று பிற்பகல் மூன்று மணி. இலை எடுத்தாகிவிட்டது. பெரியவர்களில் பாதிப் பேர் கூடத்தில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். மெரினாவுக்கோ அணைக்கட்டுக்கோ கிளம்பாத பிள்ளைகள் சிமெண்ட் தரையில் சாக்கட்டியால் கட்டம் போடுகிறார்கள். ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25 கட்டம். நான்கு பக்கமும் நடுக்கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி, மையத்தில் ஒன்று. அரை மணி நேரத்தில் படுத்திருந்தவர்களும் எழுந்து வந்து சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் முதல் சண்டையும் வந்திருக்கும்.

"அஞ்சு விழுந்தா இன்னொரு தடவை உருட்டலாம்."

"யாரு சொன்னா? தாயத்துக்கும் பன்னெண்டுக்கும்தான் மறு ஆட்டம்."

"எங்க வீட்டு ஆட்டத்துல அப்படித்தான்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு மேல் முறையீடு கிடையாது. சதுரங்கத்துக்கு உலகக் கூட்டமைப்பு இருக்கிறது. கிரிக்கெட்டின் விதிகளை லண்டனில் ஒரு கழகம் எழுதிக் காக்கிறது. தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் அப்பத்தா சொன்னது, இன்னொரு வீட்டில் ஆச்சி சொன்னது, மூன்றாவது வீட்டில் பெரியம்மா சின்ன வயதில் மெட்ராஸ் மாமாவிடம் கற்றுக்கொண்டு வந்தது. அவ்வளவுதான் விதி. அது வாயிலிருந்து வாய்க்குப் போகிறது. விளையாடினால் மட்டுமே போகிறது. பண்டிகைக்கு ஒன்றுகூடும் குடும்பங்கள் தரையில் உட்கார்ந்து எதைப் பகிர்ந்துகொள்கின்றன என்று கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது இந்த விதிகளைத்தான்.

அந்த ஐந்துச் சண்டையையே எடுத்துக்கொள்ளலாம். பார்வைக்குச் சின்ன விஷயம். தாயக்கட்டை இரண்டும் நீளவாக்கில் நான்கு பட்டை கொண்ட பித்தளைத் துண்டுகள். ஒரு பட்டையில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. நான்காவது பட்டை வெறுமை. இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறும் பட்டையும் வந்தால் தாயம். அது 16-ல் 2 முறை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அது 16-ல் ஒரே முறை. ஆக, தாயத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் மறு ஆட்டம் தரும் வீட்டில் 16-ல் 3 முறைதான் அந்த வாய்ப்பு வரும். ஐந்துக்கும் ஆறுக்கும் சேர்த்துத் தரும் வீட்டில் அது 16-ல் 6 ஆகிவிடும். சரியாக இரண்டு மடங்கு. ஒரே கைக்கு வரிசையாக நாலைந்து உருட்டல் கிடைத்து, தோற்றுக்கொண்டிருந்தவர் எல்லாரையும் வெட்டிக்கொண்டு போவது இரண்டாவது வகை வீட்டில்தான் அடிக்கடி நடக்கும். பாட்டிமார்கள் இந்தப் பின்னத்தை எழுதிப் பார்த்ததில்லை. ஆனால் எந்த விதி ஆட்டத்தைச் சூடாக்கும், எது இழுத்தடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தாயம் விழாமல் எந்தக் காயும் கட்டத்துக்குள் இறங்க முடியாது என்பதுதான் இந்த விளையாட்டின் முதல் வேதனை. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமலே போவதற்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு ஆட்டத்திலும் யாராவது ஒருவர் கையில் காயை வைத்துக்கொண்டு, எல்லாரும் ஊரைச் சுற்றி வருவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவர் வங்கி மேலாளராக இருக்கலாம், கணக்கு ஆசிரியராக இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் ஆறு வயதுப் பேத்திக்கு முதல் உருட்டலிலேயே தாயம் விழுந்திருக்கும். அவள் காயை 'மலை'யில், அதாவது பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் வைத்துவிட்டுப் பத்திரமாக உட்கார்ந்துவிட்டாள். மலையில் இருக்கும் காயை வெட்ட முடியாது. ஒருவரையாவது வெட்டினால்தான் உள்சுற்றுக்குள் நுழையலாம். நடுக்கட்டத்துக்கு வந்து சேர்ந்த காய் 'பழம்'. வீட்டில் வேறெங்கும் தாத்தாவைத் துரத்தி அடிக்கும் உரிமை பேத்திக்குக் கிடைப்பதில்லை. இங்கே கிடைக்கிறது, அதையும் தாத்தாவே கற்றுக்கொடுத்திருக்கிறார்.

காய்களுக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. உடைந்த வளையல் துண்டு, விளக்குமாற்றுக் குச்சி, சட்டைப் பித்தான், கூழாங்கல். பித்தளைக் கட்டை இல்லாத வீட்டில் ஆறு சோழியோ, ஒரு பக்கம் தேய்த்த ஆறு புளியங்கொட்டையோ போதும்.

விதிகள் வீட்டுக்கு வீடு மாறுவது எப்போது தெரியவரும் என்றால், கல்யாணத்துக்குப் பிறகு. புதிதாக வந்த மருமகள் முதல் பொங்கலில் தரையில் உட்கார்ந்து, "எங்க ஊர்ல வெட்டினாலும் ஒரு ஆட்டம் உண்டு அத்தை" என்று சொல்லும்போது கூடம் ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். யார் வீட்டுத் தரையோ அவர்கள் வீட்டு விதி என்பதுதான் பொதுவான தீர்ப்பு. ஆனால் அது நிலைப்பதில்லை. நான்கைந்து பொங்கல் போனால் பிள்ளைகள் இரண்டு வீட்டு விதிகளையும் கலந்து மூன்றாவதாக ஒன்றை ஆடிக்கொண்டிருப்பார்கள். அது யாருடைய விதி என்று பிரித்துச் சொல்ல முடியாது. சமையலில் இது நடப்பதைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. விளையாட்டில் நடப்பதைக் குறித்துவைத்தவர்கள் குறைவு.

உருட்டி ஆடும் ஆட்டம் தமிழர்களுக்கு நேற்று வந்ததல்ல. சங்க காலத்தில் இதற்கு 'வல்' என்று பெயர். காய்க்குப் பெயர் 'நாய்'. வல் என்ற சொல்லோடு நாயும் பலகையும் சேரும்போது எழுத்து எப்படி மாறும் என்று தொல்காப்பியமே விதி சொல்கிறது என்றால், அந்தச் சொற்கள் எவ்வளவு புழங்கியிருக்க வேண்டும்! கீழடி அகழாய்வில் ஆட்டக்காய்களும் பகடையும், பானை ஓட்டைத் தட்டி வட்டமாக்கிய சில்லுகள் நூற்றுக்கணக்கிலும் கிடைத்திருக்கின்றன. புறநானூற்றின் 52-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் ஒரு பாழடைந்த அம்பலத்தைக் காட்டுகிறார். நரைத்த முதியவர்கள் காய் வைத்து வைத்துக் குழிந்துபோன இடத்தில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஆட்கள் போன பிறகும் அவர்கள் ஆடிய தடம் தரையில் நிற்கிறது. பழைய கோயில் மண்டபங்களில் தூணோரமாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆடுபுலி ஆட்டத்தின் முக்கோணக் கோடுகள் கல்லில் வெட்டப்பட்டு, தேய்ந்து, இன்னும் அங்கேயே இருக்கின்றன. 3 புலி, 15 ஆடு, 23 சந்திப்புகள்.

பல்லாங்குழிக்கு வருவோம். அதற்கென்று ஒரு பருவம் இருந்தது. மாசி, பங்குனியில் புளி உலுக்கி, காய வைத்து, திண்ணையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். கொட்டை மலையாகக் குவியும். அது குவிந்து முடிவதற்கும் பள்ளிக்கூடம் முழுப் பரீட்சை முடிந்து விடுமுறை விடுவதற்கும் சரியாக இருக்கும். பையன்கள் கொட்டையைத் தரையில் சூடேறும்வரை தேய்த்து அடுத்தவன் கையில் வைத்துவிட்டு ஓடுவார்கள். சிறுமிகள் நல்ல பருத்த கொட்டையாகப் பொறுக்கி டப்பாவில் போட்டு வைப்பார்கள்.

பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 முத்து என்று ஆடும் வீட்டில் 70 முத்து வேண்டும். குழிக்கு 12 வைத்து, நடுக்குழி இரண்டில் மட்டும் ஒவ்வொன்று வைத்து ஆடுவோருக்கு 146. தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் இருப்பது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவே ஏதாவது குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரர் உடனே எடுத்துக்கொள்வார். பார்க்காமல் விட்டால் போனது போனதுதான். கையால் தொட்டு எண்ணக் கூடாது, கண்ணாலேயே எண்ண வேண்டும் என்பது பல வீடுகளில் கட்டாய விதி. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆச்சி ஒரே பார்வையில் ஆறு குழி தள்ளி என்ன நடக்கும் என்று சொல்லிவிடுவார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரத்தில் அதை எட்டிப் பிடித்துவிடும்.

பூப்பெய்திய பெண்ணைத் தனியே உட்கார வைத்த நாட்களிலும், பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த பெண்ணின் நீண்ட மதியங்களிலும் இந்தப் பலகைதான் துணை. மீன் வடிவில் மடிக்கும் பல்லாங்குழி சீர்வரிசையோடு போனதும் அதனால்தான். ஒருவர் மட்டும் ஆடவும் ஒரு முறை உண்டு, அதைச் சீதைப் பாண்டி என்பார்கள். ஏழு குழிகளில் 7, 6, 5, 4, 3, 2, 1 என்று முத்து வைத்து, ஏழு இருக்கும் குழியை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு வந்தால் வரிசை 1, 7, 6, 5, 4, 3, 2 என்று ஒரு குழி நகரும். ஏழு முறை அள்ளிப் போட்டால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். வெற்றி இல்லை, தோல்வி இல்லை, முடிவும் இல்லை. அசோகவனத்தில் சீதை இப்படித்தான் பொழுதைப் போக்கினாள் என்று சொல்லிக் கொடுத்த பாட்டிகள், இந்த எண்வரிசையின் குணத்தை முழுக்கப் புரிந்துகொண்டவர்கள்.

இலங்கையில் சித்திரைப் புத்தாண்டின்போது சிங்கள வீடுகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒலிந்த கெலிய என்ற ஆட்டம் குன்றிமணி விதைகளைக் கொண்டு ஆடப்படுகிறது. மலேசியாவின் சோங்காக், மேற்கு ஆப்பிரிக்காவின் ஓவாரி எல்லாம் ஒன்றுவிட்ட உறவுகள். ஒரு எச்சரிக்கை: குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் கடித்தால் கொடிய நஞ்சு. கைக்குழந்தை தவழும் வீட்டுக்குப் புளியங்கொட்டையே நல்லது.

வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதம். விடிய விடியக் கண்விழித்து, சொர்க்கவாசல் திறப்பதைப் பார்க்கும்வரை தூக்கத்தை விரட்ட வேண்டும். அசுரர் பெயரெழுதிய பாம்புகள் கீழே இறக்கிவிட, ஏணிகள் உச்சியில் இருக்கும் வைகுண்டத்தை நோக்கி ஏற்றிவிடும். இந்திய விளையாட்டான இதைப் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அச்சிட்டு விற்றார்கள். 1943-ல் அமெரிக்காவுக்குப் போனபோது பாம்புகள் சறுக்குமரங்களாகிவிட்டன. தமிழ் வீட்டில் பாம்பு பாம்பாகவே இருக்கிறது. உச்சிக்கு ஒரு கட்டம் முன்னால் பெரிய பாம்பின் வாயில் விழுந்த சித்தப்பாவைப் பார்த்துப் பிள்ளைகள் போடும் கூச்சலில்தான் பாதித் தெரு விழித்திருக்கும்.

பெண்களின் தரையில் பல்லாங்குழி என்றால், யாழ்ப்பாணத்து ஆண்களின் விறாந்தையில் சீட்டு. அங்கே பண்டிகைக்கு உறவுகள் கூடினால் 'முந்நூற்று நாலு' இல்லாமல் முடியாது. ஏழிலிருந்து ஏஸ்வரை 32 சீட்டு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் 76. நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. அதுதான் பெயர். ராஜாவையும் ராணியையும் ஜாக் அடித்துத் தள்ளும் இந்த வரிசை, ஒல்லாந்தர்களின் சீட்டாட்டங்களிலும் உண்டு. அவர்கள் வழியாக வந்திருக்கலாம் என்று சீட்டாட்ட வரலாறு ஆராய்வோர் கருதுகிறார்கள். கேரளத்திலும் அதை ஒட்டிய தமிழகப் பகுதிகளிலும் ஆடப்படும் 28 இதன் தம்பி.

எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். கேள்வி, அதாவது ஏலம், கேட்டு வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். புருவத்தை உயர்த்திச் சாடை காட்டினால் "அளாப்பி" என்ற பட்டம் கிடைக்கும். பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் பையனுக்கு வாய் திறக்க அனுமதியில்லை. என்றைக்காவது ஒரு கை குறைந்து, "வா தம்பி, நீ இரு" என்று பெரியப்பா கூப்பிடும் நாள் அவன் வாழ்க்கையில் பெரிய நாள். போரால் சிதறிய குடும்பங்கள் டொராண்டோவின் பனிக்கால நிலவறைகளிலும் லண்டன் வீடுகளிலும் இதே ஆட்டத்தை ஆடுகின்றன. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் தடுமாறலாம், துரும்பு தடுமாறுவதில்லை.

கேரத்தைச் சொல்லாமல் சென்னையைத் தாண்ட முடியாது. அதன் உலகக் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டது இந்த நகரத்தில்தான். 1996-ல் கேரத்துக்காக முதன்முதலில் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். போட்டி மேசையில் ஆட்டம் 25 புள்ளி அல்லது 8 போர்டு. சிவப்புக் காய்க்கு 3 புள்ளி. வீட்டுக் கூடத்தில் கதையே வேறு. கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50. மொத்தம் 320. சிவப்பைப் போட்டால் 'ஃபாலோ' போட வேண்டும். கட்டை விரலால் அடிக்கலாமா, பின்னால் இருக்கும் காயை நேராக அடிக்கலாமா என்பதெல்லாம் அந்தந்த வீட்டுத் தீர்மானம். ஆணியில் மாட்டிய பலகை இறங்கி, போரிக் பவுடர் தூவப்படும்போதே மாமா ஒருவர் அறிவித்துவிடுவார்: "மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் போங்கு ஆட்டம் ஆடக் கூடாது."

எல்லா ஆட்டத்துக்கும் பொதுவான ஒரு விதியும் உண்டு. அது தமிழ் வீடுகளின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று. ஆட்டம் புரியாத மூன்று வயதுக் குழந்தை "நானும்" என்று அழுதால், அதை விரட்டுவதில்லை. ஒப்புக்குச் சப்பாணி. அதுவும் உருட்டும், அதற்கும் ஒரு காய் இருக்கும், அதை யாரும் வெட்ட மாட்டார்கள், அது வென்றாலும் கணக்கில்லை. அந்தக் குழந்தைக்கு அது தெரியாது. அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ ஒருநாள் அதன் காயை யாரோ நிஜமாகவே வெட்டுவார்கள். அது ஓவென்று அழும். "இனிமே நீ பெரிய ஆளு" என்று கூடம் சிரிக்கும்.

பண்டிகை மதியத்தைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. சன் டிவி 1993 ஏப்ரல் 14-ல், தமிழ்ப் புத்தாண்டு நாளிலேயே தொடங்கியது. அதன் பிறகு பொங்கல் காலை என்றால் சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றம், பிற்பகல் என்றால் புதுப்படம் என்று ஒரு கால அட்டவணை வந்தது. அதிலும் குடும்பம் ஒன்றாகத்தான் உட்கார்ந்தது, நடுவரோடு சேர்ந்து சிரித்தது. கைப்பேசி வந்தபோதுதான் கூடம் மூலைகளாகப் பிரிந்தது. அதே கைப்பேசிதான் 2020 ஊரடங்கில் வேறு வேறு ஊர்களில் அடைபட்ட உறவுகளை லூடோ செயலியில் சேர்த்து வைத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. பச்சீசியின் வழிவந்த லூடோ தாயத்துக்கும் உறவுதான்.

ஆனால் செயலியில் விதியைப் பற்றிக் கேட்க யாரும் தேவையில்லை. எந்த எண்ணுக்கு மறு ஆட்டம் என்பதை அதுவே வைத்திருக்கிறது, தகராறில்லாமல் கொடுத்துவிடுகிறது. "அப்பத்தா, நீ சொல்லு, அஞ்சுக்கு உண்டா இல்லையா?" என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் அங்கே இல்லை. கேட்காவிட்டால் அப்பத்தா சொல்லப் போவதில்லை. சொல்லாமலே அவர் போய்விட்டால், அந்த வீட்டின் விதி எந்த ஏட்டிலும் இருக்காது.

அதனால் இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து திண்ணையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது கொஞ்சம் குனிந்து பார்க்கட்டும். பழைய சிமெண்ட் திண்ணை என்றால் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் இருக்கும்: பூச்சு ஈரமாக இருந்தபோதே யாரோ ஆணியால் இழுத்த கோடுகள், ஐந்துக்கு ஐந்து, நடுவில் பெருக்கல் குறி. தண்ணீர் பட்டதும் கோடுகள் கறுத்துத் தெளியும். பிள்ளைகள் என்ன இது என்று கேட்பார்கள். உள்ளே பரணில் தேடினால் பித்தளைக் கட்டை கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் சமையலறையில் புளி இருக்கிறது, அதில் எப்படியும் ஆறு கொட்டை தேறும். முதல் தாயம் விழுவதற்குள் உள்ளிருந்து ஒரு குரல் வரும்: "டேய், எதிர்ப்பக்கம் சுத்தணும்டா, நம்ம வீட்ல அப்படித்தான்."